ஈரம் சொன்ன பொய்

கேத்திப் பள்ளத்தில் எங்கள் ஷெட்டுக்கு
மேற்கே மட்டும் ஜன்னல்.
மற்றதெல்லாம் தகரம், கரி,
கரி படிந்த டியூப்லைட்,
சோப்புக்கு மசியாமல் நகக்கண்ணில் நிற்கிற கரி.

ரப்பர் மின்சாரம் கடத்தாது என்று எழுதி
பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாங்கியவள் நான்.
இங்கே கடத்த வைக்கிறோம்.
ஹாலன் இரட்டை உருளையில் ரப்பரைக் கொடுத்து
அது இளகும்வரை காத்திருந்து
கருந்தூளைப் பிடிபிடியாகத் தூவுவான்,
கந்தகம் கடைசியில்.
எப்போது நிறுத்துவது என்பதுதான் அவன் வேலை.
குறைவாகப் பிசைந்தால் கட்டி கட்டி.
கூடிப்போனால்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த துகள்கள்
தொடுப்பு விட்டுத் தனித்தனியே போகும்.
பார்வைக்கு அதே கறுப்பு.
உள்ளே வழி மட்டும் இல்லை.

பிறகு அச்சுவாயில் குழாய் பிதுங்கி வரும்,
டால்க் தூவிய தட்டில் சுருண்டு படுக்கும்,
நீராவிக் கொப்பரைக்குள் நாற்பது நிமிடம் வேகும்.
வெந்த சூட்டோடு அளக்கக் கூடாது.
வளைத்து நெளித்த அலுப்புத் தீர
ஒரு நாள் கிடக்க விடணும்.
ரப்பருக்கு உண்டு அந்த ஒரு நாள் லீவு.
எங்களுக்கு ஞாயிறு, அதுவும் ஆர்டர் இல்லாவிட்டால்.

அளப்பது நான்.
இரு முனையிலும் பித்தளைக் கவ்வி,
ஐந்நூறு வோல்ட், கண் முள்ளின் மேல்.
ஐம்பதாயிரம் ஓமுக்குக் கீழே போனால்
எங்கோ ஒயர் கசியும் நாளில் தொட்டவனை அடிக்கும்.
பத்து லட்சத்தைத் தாண்டினால்
ஓடும் திரவம் உரசிச் சேர்த்த மின்னைப்
பூமிக்கு விடாமல் வைத்துக்கொண்டு
என்றைக்கோ ஒரு பொறியாகத் திருப்பித் தரும்.
இடையில் இருக்கிற இடத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஆடியில் மூடுபனி ஷெட்டுக்குள் நடந்து வந்தது.
காகிதம் நமுத்தது, தீப்பெட்டி நமுத்தது.
அறுபது சுருள் அளந்தேன். அறுபதும் பாஸ்.
பெருந்துறையில் ஒரு பெயின்ட் கம்பெனிக்கு,
பீப்பாய் மாற்றித் தின்னர் ஊற்ற.

தை மூன்றாம் நாள்.
கேரட் தோட்டத்தில் விடியுமுன்னே தண்ணீர் அடித்து
உறைபனியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்வெட்டரைக் கழற்றினேன், சடசடவென்று பொரிந்தது.
கதவுக் கைப்பிடி சுருக்கென்று கடித்தது.
சும்மாதான், ஆடியில் எடுத்துவைத்த
மாதிரித் துண்டைக் கவ்வியில் மாட்டினேன்.
முள் கோட்டைத் தாண்டி
நாற்பது லட்சத்தில் போய் நின்றது.

துடைத்துப் பார்த்தேன். கவ்வியை மாற்றினேன்.
மீட்டரைத் திட்டினேன்.
பிறகு வாயருகே கொண்டுவந்து
நீளத்துக்கும் ஊதினேன்.
மூச்சின் ஈரம் பட்டதும்
நல்ல பிள்ளை மாதிரி இறங்கி வந்தது முள்.

ஆடியில் பாஸானது குழாய் இல்லை.
மூடுபனி.

"ஆறு மாசமா ஓடுது யோகமலர்,
ஒரு புகார் வரலையே" என்றார் சற்குணம் சார்.
"புகார் சொல்ல ஆள் மிச்சம் இருக்கணுமே சார்."
அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.
ஹாலன் என்னைப் பார்க்கவில்லை.
உருளையையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அன்றைக்கு ஐந்து நிமிடம் கூடப் பிசைந்தவன்.

போனில் வந்தது தின்னர் பிடிக்கிற பையன்.
"அப்பப்போ சுருக்குனு ஒண்ணு அடிக்கும்க்கா.
பழகிப்போச்சு."
பாதி வாக்கியத்தில் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.
வால்வை மூடு. குழாயைத் தொடாதே.
முதலில் வெளியே வா.

நான்காம் நாள் லாரி மலையேறி வந்தது.
ஐம்பத்து மூன்று சுருள்.
ஏழு கணக்கில் இல்லை.
ஒன்று யாரோ வீட்டில்
கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுகிறதாம்.
இருக்கட்டும்.

இப்போது அளக்கும் அறையில் ஒரு ஹீட்டர்,
பீங்கான் தட்டில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள்.
மணி வெளுத்தால் அன்றைக்கு அளப்பதில்லை.

மிச்சம் ஆறு.
தினமும் பதினொரு மணிக்கு
பெருந்துறைக்குப் போன் போடுகிறேன்.